மெல்லக் கேட்ட வரம்

மான், ஆமை, மனிதன் எல்லோருக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. யார் பேசினாலும் யாருக்கும் புரியும். அதனால் சண்டையும் அதிகம்.

அப்போது மனிதப் பிள்ளை கன்றுக்குட்டி மாதிரிதான் பிறக்கும். தரையில் விழுந்ததும் எழுந்து நிற்கும். வாய் நிறையப் பல் இருக்கும். தாய்ப்பால் சில நாளில் வற்றிவிடும், அதற்குள் பிள்ளை கிழங்கைக் கடித்துத் தின்னத் தொடங்கியிருக்கும். அடுத்த மழைக்குள் பெற்றவள் உயரம் வந்துவிடும். வந்ததும் விலகிப் போய்விடும். திரும்பிப் பார்க்காது. பெற்றவளும் தேடமாட்டாள். அவளுக்கு நேரமில்லை. அந்த ஜனங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. மான் கூட்டத்துக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார்கள். நடந்துகொண்டே தின்றார்கள், நடந்துகொண்டே திட்டிக்கொண்டார்கள்.

இந்த அவசரம் அவர்களாகக் கேட்டு வாங்கியது. ஆதியில் எல்லா உயிரும் குளத்து ஆமையிடம் வந்து, தங்கள் குட்டிகளுக்கு வளர்த்தி வாங்கிக்கொண்டு போயின. யானை யோசித்துக் கேட்டது. கோழி குழம்பிக் கேட்டது. மனிதர்கள் வந்தார்கள். “மானுக்கு என்ன கொடுத்தீங்களோ அதையே எங்களுக்கும் கொடுங்க. நேரமில்லை” என்றார்கள். ஆமை கொடுத்தது. “பிடிக்காவிட்டால் ஒரு தடவை மாற்றித் தருவேன். ஒரே தடவை” என்றும் சொன்னது. சரி சரி என்று நடந்துவிட்டார்கள்.

மாற்றிக் கேட்க வந்தவள் ஆவாரை.

அவள் ஏற்கெனவே இரண்டு பெற்றவள். இரண்டும் வளர்ந்து கூட்டத்தில் எங்கோ நடந்துகொண்டிருந்தன. எது எது என்று அவளுக்கே தெரியாது. மூன்றாவது பெண். குன்றிமணி மாதிரி சிவந்திருந்ததால் குன்றி. அவளும் பிறந்ததும் நின்றாள், ஓடினாள். வாயைத் திறந்தால் மட்டும் வெறும் ஈறு.

பால் வற்றியது. குன்றி பசியில் கத்தினாள். ஆவாரை கிழங்கைத் தன் வாயில் போட்டு மென்று, மகள் வாயில் ஊட்டினாள். மெல்லுவதற்கு நிற்க வேண்டும். நின்றால் கூட்டம் முன்னே போய்விடும். ஓடிப் போய்ச் சேர்வாள், மறுபடி நிற்பாள். அவளுக்குத் தாடை வலித்தது. பிள்ளைக்கு வயிறு நிறையவில்லை, விலா எலும்பு தெரிந்தது.

கூட்டத்தை நடத்திப் போனவள் நொச்சி. ஆவாரை புருஷனுக்கு அக்காள். நிறைமாத வயிறு. அதைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பாள். ஆண்கள் மானை ஒட்டி வெகுதூரம் முன்னே போய்விட்டதால் அவள் வைத்ததுதான் சட்டம்.

“ஏண்டி, ரெண்டு வாய்க்கு ஒருத்தியே மெல்லுறியா?” என்றாள் நொச்சி.

“கொஞ்சம் நில்லுங்க மதினி. இன்னும் ஒரு வாய்.”

“நின்னா மான் நிக்குமா?”

“பிள்ளை பசிக்குதுன்னு அழுது.”

“எனக்கும்தான் கால் வலிக்குது. நான் அழுறேனா?”

குளத்தங்கரை வந்தது. கூட்டம் தண்ணீர் குடித்தது. அதைத் தாண்டினால் வறண்ட காடு, பல நாள் நடை. மென்று ஊட்டிக்கொண்டு அதைக் கடக்க முடியாது. ஆவாரைக்கு அது தெரிந்துபோயிற்று. குன்றியை இழுத்துக்கொண்டு ஆமையிடம் ஓடினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம். பிள்ளையைப் பற்றிப் பேசும்போது ‘இல்லை’ என்ற சொல்லை எடுக்கக்கூடாது. எடுத்தால் அது அப்படியே தங்கிவிடுமாம். அதனால் ‘பல் இல்லை’ என்று ஆவாரை சொல்லவில்லை. பல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சுற்றி வளைக்கவும் நேரமில்லை. கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தது.

“ஆமையாரே, என் பிள்ளைக்கு மெல்ல வரணும்.”

ஆமை தலையைத் திருப்பியது. “என்ன?”

“மெல்ல வரணும். எல்லாப் பிள்ளைக்கும் வருது. இவளுக்கும் வரணும்.”

“எல்லாப் பிள்ளைக்கும் சடசடவென்றுதான் வருகிறது. நான் கொடுத்ததுதானே? நீ மெல்ல வர வேண்டும் என்கிறாய்.”

“ஆமா. மெல்லத்தான். சீக்கிரம் குடுங்க.”

“சீக்கிரமா, மெல்லவா? ஒன்றைச் சொல்லம்மா.”

“ரெண்டும்தான்! மெல்ல வரணும், அதுவும் சீக்கிரம். என் மதினி கிளம்பிட்டாங்க.”

ஆமை யோசித்தது. ஆமை யோசித்தால் உங்களுக்கும் எனக்கும் பொறுமை போய்விடும். ஆவாரைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குன்றி அவளைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

“ஒரு பிள்ளைக்கு மட்டும் மாற்ற முடியாது. கொடுத்தால் இனி உங்கள் இனத்துக்கே.”

“எல்லாருக்கும் நல்லதுதானே? குடுங்க!”

“மெல்ல வரட்டுமா?”

“வரட்டும்!”

ஆமை கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருந்த குன்றி அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். பிறகு உட்காரவும் முடியாமல் சாய்ந்தாள். கழுத்து ஒரு பக்கம் தொங்கியது. ஆவாரை பாய்ந்து தலைக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

“என்ன செஞ்சீங்க? என் பிள்ளை நின்னுட்டிருந்தா!”

“நிற்பாள். மெல்ல.”

“கழுத்து தொங்குது!”

“அதுவும் மெல்ல நிற்கும். புரளுவது, தவழுவது, நடப்பது, பேசுவது, கோபம், வெட்கம், எல்லாமே மெல்லத்தான். நீ சீக்கிரம் என்றும் சொன்னாய். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.”

“நான் கேட்டது கிழங்கு மெல்ல!” ஆவாரை தன் வாயைத் திறந்து பல்லைத் தட்டிக் காட்டினாள். “இதால மெல்ல!”

ஆமை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அட” என்றது. “அப்படியென்றால் பல் என்று சொல்லியிருக்கலாமே அம்மா.”

“மாத்துங்க.”

“ஒரே தடவை என்று அப்போதே சொன்னேன். நின்று கேட்டீர்களா?”

ஆவாரை கல்லைத் தூக்கி ஆமை மேல் போட்டாள். அது ஓட்டில் பட்டுத் தெறித்தது. ஆமை தண்ணீருக்குள் போய்விட்டது.

நொச்சி வந்து பார்த்தாள். பிள்ளை துணி மாதிரி மடியில் கிடந்தது.

“விட்டுட்டு வா. இது பிழைக்காது.”

“வரமாட்டேன்.”

“ஒரு பிள்ளைக்காக இத்தனை பேரை நிறுத்த முடியுமா?”

“நிறுத்தச் சொல்லல மதினி. நீங்க போங்க.”

“இங்க உக்காந்து என்னடி செய்வே?”

“தெரியல.”

நொச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூட்டமும் போயிற்று. அந்த இனத்தில் ஓரிடத்தில் முதன்முதலாக உட்கார்ந்தவள் ஆவாரைதான். அதுவும் விருப்பப்பட்டு இல்லை.

உட்காரவும் தெரியவில்லை அவளுக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையில் அங்கும் இங்கும் நடந்தாள். நின்றால் குன்றி அழுதாள், நடந்தால் நிறுத்தினாள். நடந்தபோதுதான் மார்பு கனத்தது. வற்றின பால் திரும்பச் சுரந்திருந்தது. மெல்ல வளர்கிற பிள்ளைக்குப் பாலும் மெல்லத்தானே வற்ற வேண்டும்? ஆமை அதைச் சொல்லவில்லை. குன்றி குடித்தாள். ஆவாரைக்கு அன்றுதான் தாடை ஓய்ந்தது.

பிறகு ஒரு நாள், பாலைக் குடித்துவிட்டு, குன்றி வாயை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெறும் ஈறைக் காட்டிச் சிரித்தாள்.

முதல் இரண்டு பிள்ளைகளும் அவள் முகத்தைப் பார்த்ததே கிடையாது. பார்க்க எங்கே நேரம்? ஆவாரை பயந்து போனாள். பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். மறுபடி சிரிக்கிறதா என்று நாள் முழுக்கக் காத்திருந்தாள்.

மழை வருமுன் நொச்சி திரும்பி வந்தாள். பின்னால் கூட்டம். அவள் கையில் ஒரு ஆண் பிள்ளை, தலை தொங்கிக்கொண்டு.

“உன் வாயால வந்த வினைடி இது” என்று கத்தினாள். “பெத்தது விழுந்த இடத்துலயே கிடக்குது. காட்டுக்கு நடுவுல இன்னொருத்திக்கும் இப்படியே. நல்லா இருப்பியா நீ?”

ஆவாரை கிட்டே வந்தாள். நொச்சியின் கையை நகர்த்தி, பிள்ளையின் பிடரிக்கு அடியில் வைத்தாள்.

“இப்படிப் பிடிக்கணும் மதினி.”

நொச்சி பிடித்தாள். திட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை. மழைக்கு மறைப்பாக ஓலையை வெட்டிச் சாய்த்தார்கள். இந்த மழை மட்டும் என்றார்கள். பிள்ளைகள் நடக்கிற வரைக்கும் என்றார்கள். மான் போய்விட்டது.

நொச்சி மகன் பெயர் மருதன். அவனும் குன்றியும் ஒரே பாயில் புரண்டார்கள். குன்றி முதலில் குப்புற விழுந்தாள். திரும்பி மல்லாக்கப் புரளத் தெரியாமல் கத்தினாள். திருப்பிப் போட்டால் உடனே மறுபடி குப்புற. பிறகு தவழல். தவழத் தெரிந்ததும் குளத்தை நோக்கித்தான் போவாள். காலைப் பிடித்து இழுத்து வருவது ஆவாரைக்கு ஒரு வேலை. ஒரு நாள் பால் குடித்தவள் சுருக்கென்று கடித்தாள். ஆவாரை “ஐயோ” என்று அலறி, விரலை விட்டுப் பார்த்து, கரைக்கு ஓடினாள். “ஆமையாரே, வந்திருச்சு! வந்திருச்சு!” ஆமை ஒரு குமிழி விட்டது.

பேச்சு வந்தது. அது பேச்சா என்ன? ஆமையை ‘மாமை’ என்பாள், தண்ணியை ‘தண்ணண்ணி’ என்பாள். அதைக் கேட்டுவிட்டுப் பெரியவர்களும் அப்படியே பேசினார்கள், வெட்கமில்லாமல். பிறகு ‘ஏன்’ வந்தது. ஏன் ஆமைக்கு முடி இல்லை, ஏன் நேற்று போய்விட்டது, ஏன் ‘ஏன்’ என்கிறேன். ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளப் பழகியது அப்போதுதான்.

மருதன் கையில் இருப்பதெல்லாம் தனக்கு வேண்டும் என்றாள் குன்றி. பிடுங்கினாள். அவன் கடித்தான். இரண்டு தாய்களும் சண்டை போட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் ஒரே பழத்தைப் பாதிப்பாதி தின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் பொய் வந்தது. “நான் தின்னலை” என்றாள், உதட்டில் தேன். அப்புறம் விளையாட்டு, அதற்கு ஒரு சட்டம், சட்டத்தை மீறினவன் யார் என்று அழுகை. பிறகு ரகசியம். ஆவாரை பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். பால் பல் விழுந்து வேறு பல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆவாரை பொறுமையில்லாமல் காத்திருந்தாள். வந்ததும் போனதற்காக ஏங்கினாள்.

ஆமை கடைசியில் வைத்த அந்தச் ‘சீக்கிரமும்’ வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. குன்றியின் கை கால் நீண்டுகொண்டே போயிற்று. நடந்தால் எதிலாவது இடித்தாள். மருதன் வாயைத் திறந்தால் பாதிப் பேச்சு தவளை, பாதிப் பேச்சு குருவி. குன்றி சிரித்தால் அவனுக்குக் கோபம். அவன் பார்த்தால் அவளுக்குக் கோபம். இருவரையும் யார் கேள்வி கேட்டாலும் கோபம். தண்ணீரில் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொழுது போனது.

அந்தச் சமயம் பார்த்து மான் கூட்டம் மறுபடி அந்தப் பக்கம் வந்தது. இளவட்டங்கள் எல்லாம் பின்னால் போகக் கிளம்பின.

“நீ போகவேண்டாம்” என்றாள் ஆவாரை.

“ஏன்? நான் என்ன கைக்குழந்தையா?”

“ஆமா.”

“மருதன் போறான்.”

“அவனை அவன் அம்மா கேட்டுக்குவா.”

“எப்பப் பார்த்தாலும் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கே! போறேன். திரும்பி வரமாட்டேன்.”

போய்விட்டாள். மருதனும் மற்றவர்களும் கூட. கரை மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மறைந்தார்கள். குன்றி திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவாரையின் முதல் இரண்டும் அப்படித்தான் போயின. அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது மேட்டில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

“உக்காருடி” என்றாள் நொச்சி.

“நீங்க உக்காருங்க மதினி.”

நொச்சியும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

ஆவாரை குளத்தில் இறங்கினாள். “ஆமையாரே, போனவ வருவாளா?”

“நான் கொடுத்தது வளர்த்தி” என்றது ஆமை. “போனது வருமா என்று என்னைக் கேட்காதே. என் மனைவி முட்டையை மண்ணில் புதைத்துவிட்டு வந்துவிடுவாள். அதில் ஒன்றுகூடத் திரும்பி வந்து பார்த்ததில்லை.”

ஆவாரை மேலே வந்தாள். கை சும்மா இருக்கவில்லை. கிழங்கைச் சுட்டாள். வேண்டியதைவிட அதிகமாகச் சுட்டாள்.

வெயில் சாய்ந்தது. மேட்டில் ஒரு தலை தெரிந்தது. நெட்டையாக, முடி கலைந்து, முழங்காலில் ரத்தக் காயத்தோடு. பின்னால் மருதன். குன்றி யார் முகத்தையும் பார்க்காமல் நேரே வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன இருக்கு?”

“கிழங்கு.”

“இன்னைக்கும் கிழங்கா?”

“வேண்டாம்னா போ” என்றாள் ஆவாரை. சொல்லும்போதே பெரிய கிழங்காகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

குன்றி போகவில்லை. தின்றாள். இன்னொன்று கேட்டாள்.

மான் குட்டி ஒரு மழைக்குள் மானாகிவிடுகிறது, மனிதப் பிள்ளை மட்டும் இத்தனை வருஷம் எடுத்துக்கொள்கிறதே, அதற்குக் காரணம் ஆவாரை அன்று அவசரத்தில் கேட்டதுதான். வரவே மாட்டேன் என்று கத்திவிட்டுப் போன பிள்ளை, பசித்ததும் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்ன இருக்கு என்று கேட்பதும் குன்றி வந்த அந்தச் சாயங்காலத்திலிருந்துதான்.