மூன்றாம் நாளின் கடைசி வாக்கியம்

மரகதம் டீச்சரின் விழிப்புணர்வுக் கலைக்குழு ஓர் ஊரில் மூன்று நாள் தங்கும். முதல் நாள் பாட்டு, இரண்டாம் நாள் நாடகம், மூன்றாம் நாள் பேச்சு. நான்காம் நாள் காலையில் வேன் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். போன ஊருக்குத் திரும்புவதில்லை.

பேச்சு முடிந்ததும் டீச்சர் கைகூப்பி ஒன்று சொல்வார்: “இந்த மூன்று நாளில் நாங்கள் சொன்னதில் ஏதோ ஒன்று தப்பு. எது என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் கண்டுபிடியுங்கள்.”

தணிகாசலத்துக்கு இது பிடிக்கவில்லை. தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மேடையில் பேசக் கற்றுக்கொள்ள வந்த சீடர் அவர். டீச்சரைவிட இருபது வயது பெரியவர்.

“மூணு நாள் தொண்டை கிழியக் கத்திட்டு, கடைசியில நம்ம தலையில நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா? அதை எதுக்கும்மா சொல்றீங்க?”

“பாயெல்லாம் சுருட்டியாச்சா ஐயா?” என்று கேட்டுவிட்டு டீச்சர் வேனுக்குப் போனார்.

கல்லூத்துப்பட்டியில் இரண்டு நாள் பாடி நடித்ததில் டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் தணிகாசலம் பேசினார். பேதியாகும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுப்பது பற்றி. அவருடைய முதல் பேச்சு. நன்றாகக் கைதட்டினார்கள். பிறகு டீச்சர் எழுந்து, அடைத்த குரலில் அந்த வாக்கியத்தை மட்டும் சொன்னார். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐந்து நாள் கழித்து, வேறொரு ஊரில், காலைக் கஞ்சி குடிக்கும்போது, குழுவில் பறையடிக்கும் சவரிமுத்து உப்பு டப்பாவை நீட்டினார்.

“எவ்வளவு சார்? ஒரு கைப்பிடி போடவா, கல்லூத்துப்பட்டியில சொன்ன மாதிரி?”

“என்ன சொன்னேன்?”

“ஒரு கைப்பிடி உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரைன்னு.”

“மாத்தியா சொன்னேன்? ஏன்யா அப்பவே சொல்லல?”

“எல்லாரும் கைதட்டினாங்க. எனக்குத்தான் சரியாக் கேக்கலையோன்னு நெனச்சேன்.”

தணிகாசலம் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அன்று முன்வரிசையில் மடியில் குழந்தையோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தார். எண்ண எண்ணக் கூடியது.

“அம்மா, அந்தத் தண்ணியைக் குழந்தைக்குக் கொடுத்தா...” என்று டீச்சரிடம் ஓடினார்.

“ஆபத்துதான். எட்டேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு.”

“திரும்பிப் போற வழக்கம் இல்லையே நமக்கு.”

“கிளம்புங்க ஐயா.”

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார். இறங்கியதும் பாதி நடை, பாதி ஓட்டம்.

கல்லூத்துப்பட்டிக் குழாயடியில் ஒச்சம்மா என்ற பெண்தான் அவரை முதலில் பார்த்தாள். “ஏய், உப்புக்காரர் வந்துட்டாருடி!”

குழாயடி முழுக்கச் சிரிப்பு.

“யாருக்காவது கொடுத்துட்டீங்களாம்மா?”

“எம் மகளுக்கு முந்தாநாளு பேதி. கலக்குனேன், நாக்குல வச்சுப் பாத்தேன். த்தூ, கடல் தண்ணி! ‘அந்தம்மா சொன்ன தப்பு இதுதாண்டி’ன்னு கத்துனேன். தெருவே அதைத்தான தேடிக்கிட்டு இருந்துச்சு!”

“குழந்தை?”

“அந்தா, கோழிய வெரட்டுறா. நர்ஸம்மாட்ட அளவு கேட்டுட்டு வேற கலக்கிக் குடுத்தேன்.”

தணிகாசலம் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒச்சம்மா செம்பை நீட்டினாள்.

“உப்பு இல்ல, குடிங்க. இருங்கய்யா, இன்னும் இருக்கு சொல்ல...”

“மத்தியான பஸ்ஸை விட்டா வேற இல்லம்மா.”

அவர் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் நாடகத் திரையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“குழந்தைக்கு ஒண்ணுமில்லம்மா. நான் சொன்ன தப்பை அவங்களே கண்டுபிடிச்சிட்டாங்க. இனிமே அந்த வாக்கியத்தை நானே சொல்றேன்.”

“சந்தோஷம்” என்றார் டீச்சர். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“முதல் ரெண்டு நாள் நான் சொன்னதில எது தப்பாம்?” என்று கேட்டார்.

‘இன்னும் இருக்கு சொல்ல’ என்று ஒச்சம்மா கூப்பிட்டது தணிகாசலத்துக்கு நினைவு வந்தது. எழுந்து, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.