ஓக் மரச்சட்டம் முகம் காட்டிய வீடு

மரமும் மண்ணும் வாய்திறந்து பேசிய காலத்தில், இங்கிலாந்தின் காட்டோரத்தில் ஹாவிஸ் என்ற உழவர் வீட்டுப் பெண் வாழ்ந்தாள். புது வீடு கட்ட வருமாறு ஓக் மரத்திடம் போய்க் கேட்டவள் அவள்தான். மரத்திடம் கேட்டு நிற்பது கணவன் வைமண்டுக்குக் கௌரவக் குறைவு.

"வருகிறேன், ஹாவிஸ். ஆனால் என் முகத்தை மூடக் கூடாது. காய வைக்காமல் பச்சையாகவே என்னை அறுத்து நிறுத்தப் போகிறீர்கள். காற்றுப் படாவிட்டால் உளுத்துப் போவேன்" என்றது ஓக்.

"மூட மாட்டோம். இது என் வாக்கு."

தச்சர்கள் ஓக்கைத் தூணும் உத்தரமுமாக நிறுத்தி, மர ஆணிகளால் இறுக்கினார்கள். இடைவெளிகளில் குச்சிகளைப் பின்னி, சாணமும் வைக்கோலும் குழைத்த களிமண்ணை அப்பினார்கள். கூரையின் பாரம் முழுவதையும் ஓக் சுமந்தது. களிமண் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருந்தது. சும்மா இருப்பவர்களுக்குத்தானே வாய் நீளம்!

"வைமண்ட் ஐயா, வீடு இப்படி விலா எலும்பு தெரிய நின்றால் ஊர் சிரிக்காதா? என்னை மேலே பூசுங்கள். ஊர்ப் பிரபுவின் கல்மாளிகை தோற்றுவிடும்" என்றது களிமண்.

வைமண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஹாவிஸ் சந்தைக்குப் போயிருந்தபோது, ஓக்கைத் தலைமுதல் கால்வரை பூசி மறைத்தான்.

திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றாள். "நான் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?"

"பெண்பிள்ளை மரத்துக்குக் கொடுத்ததெல்லாம் ஒரு வாக்கா?" என்று சிரித்தான் அவன்.

நாட்கள் சென்றன. சுவருக்குள் ஓக் முனகியது: "மூச்சு முட்டுகிறது, ஹாவிஸ். தோள் தளர்கிறது." கூரை ஒரு சாண் இறங்கியது.

ஹாவிஸுக்கு இரத்தம் கொதித்தது. தச்சர்கள் மரம் செதுக்கும் வாய்ச்சியை எடுத்துச் சுவரைக் கொத்தினாள். "சுமப்பது ஒருவர், பெயர் வாங்குவது இன்னொருவரா? இந்த அநியாயம் என் வீட்டில் நடக்காது!" பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

"ஐயோ, ஊர் பார்க்கிறதே!" என்று பதறினான் வைமண்ட்.

"நன்றாகப் பார்க்கட்டும். வீட்டைத் தாங்குவது யாரென்று தெரிந்துகொள்ளட்டும்!"

ஓக் நெட்டுயிர்த்து, நொந்த முதுகை நெளித்தது. நெளிந்தபடியே காய்ந்து இரும்பாய் இறுகியது. வாய்ச்சிக்கு அஞ்சிய களிமண் மயிரிழை அளவு ஒதுங்கிக்கொண்டது. இன்றும் அந்நாட்டுப் பழைய பண்ணை வீடுகளில் ஓக் மரச்சட்டங்கள் வளைந்த முதுகோடு சுவரில் வெளிப்படையாக நிற்பதும், களிமண் அவற்றை ஒட்டத் துணியாமல் விலகி நிற்பதும் அன்று தொடங்கியவைதான்.