அம்மாவோடு ஓடிய குதிரைக்குட்டி

ஊஞ்சப்பாளையத்துக் குப்பண்ணன், செங்கோடன், மாரப்பன் மூவரும் அண்ணன் தம்பிகள். சொத்தைப் போலவே மூளையையும் பாகம் பிரிக்காமல் பொதுவில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய குதிரை குட்டி போட்டது.

“கால் ரொம்பப் பிஞ்சு. நடந்தாத் தேஞ்சு போயிரும்” என்றார் மூத்தவர் குப்பண்ணன்.

அதனால் முறைபோட்டுக் குட்டியைத் தோளில் சுமந்தார்கள். பால் குடிக்க மட்டும் இறக்கிவிட்டார்கள். பதினைந்தாம் நாள் இறக்கிவிட்டபோது குட்டி கால் மடங்கிப் பொத்தென்று உட்கார்ந்தது. செங்கோடன் தேம்பித் தேம்பி அழுதான்.

மாட்டு டாக்டர் வந்து மூட்டைத் தடவிப் பார்த்தார். “மூட்டுக்குள்ள குருத்தெலும்பு இருக்குதய்யா. இந்த வயசுல ஓடியாடினாத்தான் அது கெட்டிப்படும். தூக்கிச் சுமக்காதீங்க, சாட்டையெடுத்து விரட்டவும் விரட்டாதீங்க. தினமும் காலையில அம்மா கூட ஓட விடுங்க. அம்மா நின்னா இதுவும் நிக்கட்டும். அம்மா மேயற எடத்துல இதுவும் இருக்கட்டும்.”

அவர் பைக் மறைந்ததும் மூவரும் யோசித்தார்கள்.

“அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயசாச்சே, ஓடுமா?” என்றான் மாரப்பன்.

“டாக்டரே சொல்லிட்டார். ஓடித்தான் ஆகணும்.”

“மேயறதுன்னாரே?”

“சோறு திங்கறதைச் சொல்றாரு. மாட்டோடயே பழகினவரு, பாவம்” என்றார் குப்பண்ணன்.

அம்மா நல்லாத்தாள் எல்லாவற்றையும் கேட்டாள். “ஊசி போடச் சொல்லலியே?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு சேலையை வரிந்து கட்டினாள்.

மறுநாளிலிருந்து சோளக்காட்டு ஓரத்தில் அம்மா முன்னே ஓட, குட்டி தள்ளாடிப் பின்னே ஓடியது. கொட்டகையில் கட்டிக்கிடந்த குதிரை ஓயாமல் கனைத்தது. “அதுக்கும் ஓட ஆசை. டாக்டர் சொல்லலியே, என்ன பண்றது?” என்று செங்கோடன் வருத்தப்பட்டான்.

ரேஷன் கடை வரிசையில் அம்மா நின்றாள், குட்டியும் நின்றது. கல்யாணப் பந்தியில் அம்மா உட்கார்ந்தாள். பக்கத்தில் குட்டிக்கும் இலை போட்டார்கள். அது பரிமாறும் வரை பொறுக்காமல் இலையைத் தின்றுவிட்டது.

ஒரு மாதத்தில் குட்டி துள்ளிப் பாய்ந்தது. அம்மா அதைவிடப் பாய்ந்தாள்.

திரும்பி வந்த டாக்டர் திகைத்துப்போனார். “கால் நல்லாத் தேறிருச்சே! ஆமா, கூட ஓடறது யாரு?”

“அம்மாங்க. நீங்க சொன்னீங்களே!”

டாக்டர் தலையில் கைவைத்தார். “அடப்பாவிகளா! நான் சொன்னது உங்க அம்மாவை இல்லய்யா, குதிரையோட அம்மாவை!”

அன்று மதியமே மூவரும் கட்டுச்சோற்றோடு அந்தியூருக்குப் பஸ் ஏறினார்கள். குதிரையை ஆறு வருஷத்துக்கு முன் அங்கே சந்தையில்தான் வாங்கினார்கள். அதனுடைய அம்மா அந்தப் பக்கம்தானே எங்காவது இருக்கும்?

“கிடைச்சாலும் கிழடாயிருக்குமே அண்ணா, ஓடுமா?” என்றான் மாரப்பன்.

“கவலைப்படாதே. நம்ம அம்மா கூட ஒரு மாசம் ஓட விட்டா, அதுவும் தேறிரும்.”