கற்பூரத் தட்டில் கருகிய நோட்டு

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி தவமணியம்மைக்கு நாற்பது வயதுதான். சீடர் ஆவுடையப்பன் அவரைவிட மூத்தவர். செல்போன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவர். அம்மை அவரை அண்ணாச்சி என்பார். அவர் அம்மா என்பார்.

மதியம் யார் வந்தாலும் மடத்தில் சோறு உண்டு. அதற்கான அரிசிப் பணம் ஆவுடையப்பன் பொறுப்பில் இருந்தது.

ஒரு காலையில் அவர் போனும் கையுமாக ஓட்டமும் நடையுமாய் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தன் சேமிப்பைக் கிரிப்டோ காயினில் போட்டிருப்பதாகவும், அது ஏறிக்கொண்டே போவதாகவும் சொன்னார். அரிசிப் பணத்தையும் அதில் போட உத்தரவு கேட்டார்.

"அப்படி என்ன அதுல?" என்றார் அம்மை.

ஆவுடையப்பன் மூச்சுவிடாமல் சொன்னார். நோட்டை அரசாங்கம் அடிக்கிறது. ஒரே ராத்திரியில் செல்லாது என்றும் சொல்லிவிடுகிறது. அன்று உண்டியல் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு, தான் வங்கி வரிசையில் நின்றதை நினைவூட்டினார். காயின் அப்படியில்லை. அதன் கணக்கு உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. எவரும் திருத்த முடியாது.

"ராஜாவே இல்லாத பணம்மா."

அம்மைக்கும் கண் விரிந்தது. "நல்லாருக்கே. பூட்டு?"

"பன்னிரண்டு வார்த்தை. போன் தொலைஞ்சாலும் அதை வரிசையா அடிச்சா வேற போன்ல காசு வந்துரும்."

"எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதில் வாங்கிய மந்திரத்தை எழுதக்கூடாது என்பது மடத்து வழக்கம். இதையும் அப்படியே எழுதாமல், தினமும் மந்திரத்தோடு சேர்த்து உருப்போடுவதாகச் சொன்னார்.

அம்மை போனை வாங்கித் தன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"இது கிணத்துல விழுந்துட்டுன்னு வச்சுக்கிடுவோம். சொல்லிப் பாருங்க. மனசுக்குள்ளயே."

அவர் கண்ணை மூடினார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. எட்டாவது வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் மந்திரம் வந்தது. முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் மந்திரமே வந்தது.

"மறந்துட்டா யாருகிட்ட கேக்கணும், அண்ணாச்சி?"

"யாருகிட்டயும் கேக்க முடியாதும்மா. அதான் அதோட..."

பெருமை என்று சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

அம்மை போனைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல பொருள்தான். உங்க காசை எங்க வேணும்னாலும் வைங்க."

பிறகு பூசைக் கற்பூரத் தட்டை எடுத்து அவர் முன் வைத்தார். காணிக்கையாக விழுந்த ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்று ஓரம் கருகிக் கிடந்தது. அடிக்கடி நடப்பதுதான். அப்படிக் கருகியதை வங்கியில் மாற்றி வருவதும் ஆவுடையப்பன் வேலைதான்.

"மாத்திட்டு வந்து அரிசிப் பணத்தோட சேருங்க."

அவர் முகம் சுருங்கியது. "கவுன்ட்டர்ல இருக்கிற அம்மா போன மாசமே, 'சாமிக்குக் காசு போடுறீங்களா, கொளுத்துறீங்களா'ன்னு திட்டிட்டுத்தான் மாத்தினாங்க. இன்னைக்கும் திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும்," என்றார் அம்மை. "திட்டுறதுக்காவது அங்க ஒரு ஆள் இருக்காங்கல்லா."