இன்னொரு சுற்று

ஆரோனின் பந்தய பைக்குக்கு அடியில் ஆயில் சொட்டிக் கிடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் செம்மண் தடத்தில் பந்தயம்.

சின்னராசு மாஸ்டர் தரையில் மல்லாந்து படுத்து எஞ்சினின் அடிவயிற்றைத் தடவினார். ஆயில் போல்ட் பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே திருகு மரை அரைபட்டுப் போயிருந்தது.

"இதை ஆருங்கக்கா இறுக்குனது?"

"நான்தானுங்க மாஸ்டர்," என்றாள் பிலோமினா.

ஆரோன் அவளுடைய ஒரே பையன். பந்தயத்தை அவன் விடமாட்டான் என்று தெரிந்த பிறகுதான், அவன் வண்டியையாவது நம் கையால் பார்த்துக்கொள்வோம் என்று இந்தப் பட்டறைக்குத் தொழில் கற்க வந்தாள். மாஸ்டரைவிட எட்டு வயது மூத்தவள். ஆரோனின் அம்மா சோத்துத் தூக்குப்போசியோடு ஸ்பேனரும் கொண்டுவருகிறார் என்று பட்டறைப் பையன்கள் கேலி பேசினார்கள். இரண்டு வருடத்தில் அவர்களே கார்புரேட்டரைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"எதைப் போட்டு இறுக்குனீங்க?"

"ஸ்பேனர்ல பைப் செருகி, இன்னும் பலமா."

கசிகிற ஆயில் பின்சக்கரத்தில்தான் படும். வளைவில் சக்கரம் வழுக்கும். அதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் இறுக்கியதாக ஒத்துக்கொண்டாள். இறுக்கினால்தான் தூக்கம் வருகிறது என்றாள். பிறகு, இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டாள்.

"எவ்வளவு இறுக்குனா மாஸ்டர், எம் பையன் முழுசா வீடு வருவான்?"

மாஸ்டர் எழுந்து கை கழுவினார். மேல் பலகையிலிருந்த சாக்கு மூட்டையை இறக்கி அவள் முன்னால் வைத்தார். அவரைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. உள்ளே அவர் தம்பியின் எஞ்சின், மாஸ்டர் தன் கையாலேயே பூட்டியது. பந்தயத்துக்குப் போன தம்பி திரும்பவில்லை. எஞ்சின் மட்டும்தான் வந்தது.

"இதுல பழுது எங்கீன்னு பாருங்க."

ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் பரப்பினாள். பிஸ்டனில் கீறலில்லை. வால்வு இடைவெளி இம்மியும் பிசகவில்லை. கிளட்ச் தட்டுகள் தேயவில்லை. போல்ட் எல்லாமே அளவான இறுக்கத்தில் இருந்தன. ஒரே ஒரு குறையாவது இருந்துவிடக் கூடாதா என்று மாதாவை வேண்டிக்கொண்டே முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். பொழுது சாய்ந்துவிட்டது.

"எல்லாஞ் சரியாத்தான் இருக்குதுங்க மாஸ்டர்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"நான் பதினோரு வருசமாப் பாக்கறனுங்கக்கா."

அதற்குள் அவர் ஆரோனின் எஞ்சினுக்குப் புது மரை போட்டிருந்தார். புது போல்ட்டையும் ஸ்பேனரையும் அவளிடம் நீட்டினார். பைப் இல்லை.

அவள் இறுக்கினாள். போல்ட் பிடித்தது. கை மட்டும் இன்னொரு சுற்றுக்குத் துடித்தது.

"போதுங்களா மாஸ்டர்?"

"போல்ட்டுக்குப் போதுங்கக்கா."