சுக்குவின் சைவம்

குற்றாலத்து மலைக்கு இந்தப் பக்கம், சாரல் விழுந்தால் கூரை நனைகிற தூரத்தில், ஒரு சைவ ஆசிரமம் இருந்தது. அதன் குரு உமையாள் அம்மைக்கு வயது நாற்பதுக்குச் சற்று மேல். சீடர் செண்பகராமனோ அறுபதைத் தாண்டியவர். அவர் குருவைத் ‘தாயி’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இருவருக்கும் இதில் ஒரு குழப்பமும் இல்லை. புதிதாக வருகிறவர்கள்தான் யார் யாருக்குக் குரு என்று முழிப்பார்கள்.

செண்பகராமன் கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நூலில் ஒரு பிசிறு தெரிந்தால் மூட்டையையே திருப்பி அனுப்பிய மனிதர். ஆசிரமத்துக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. அரிசி, பருப்பு, கற்பூரம், விளக்குத்திரி எல்லாம் அவரிடம் தேறினால்தான் உள்ளே போகும். சமையல்காரர்கள் அவரைக் கண்டால் முறத்தை ஒளித்து வைப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு நாய் திண்டாட விட்டது.

நாயின் பெயர் சுக்கு. பழுப்பு நிறம், நெற்றியில் சுருக்கம். ஒரு மழைக்கு ஒதுங்க வந்தவள், அவர் காலடியில் படுத்தாள், பிறகு போகவே இல்லை. அவருக்கும் அவள் முகத்தில் விழிக்காமல் பொழுது விடியாது என்றாகிவிட்டது. பிள்ளைகளிடம்கூட அவ்வளவு பிரியமாக இருந்ததில்லை என்று அவரே ஒருமுறை குருவிடம் வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார்.

அந்தச் சுக்குவுக்கு அரிப்பு வந்தது. முதுகில் முடி கொட்டியது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்துப் போனாள். செண்பகராமன் அவளை ஆட்டோவில் ஏற்றித் தென்காசிக்கு மாட்டு டாக்டரிடம் கொண்டு போனார்.

“என்ன சார் போடுதிய?” என்றார் டாக்டர்.

“தயிர்சாதம்.”

“காலையில?”

“பழைய தயிர்சாதம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இனிமே அதைக் கண்ணுல காட்டாதீங்க. பையில வருதுல்லா, உலர்ந்த தீனி, அதுல நல்லதாப் பாத்து வாங்கிப் போடுங்க.”

“எது டாக்டர் நல்லது?”

“நல்லதாப் பாத்துத்தான்” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆட்டைக் கூப்பிட்டார்.

அன்று மாலையே இன்னொரு வில்லங்கமும் வந்தது. தென்னந்தோப்பு வைத்திருக்கும் கோமதிநாயகம் என்கிற பக்தர் சுக்குவைப் பார்த்து உச்சுக் கொட்டினார். நல்ல மனிதர்தான், நாய்கள் என்றால் உயிர்.

“இது இங்க இருந்தா தேறாது, தாயி. சாரல் முடியட்டும், வண்டி கொண்டாரேன். தோப்புல வெச்சு நான் பாத்துக்கிடுதேன்.”

“அதுக்குள்ள தேறலைன்னா கூட்டிட்டுப் போங்க” என்றார் குரு.

செண்பகராமன் அன்று ராத்திரி சுக்குவைத் தன் பாயோரம் படுக்க வைத்தார்.

மறுநாள் நாய்த்தீனிக் கடை திறக்கும் முன்பே அவர் அதன் வாசலில் நின்றார். உள்ளே சுவர் முழுக்க மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாய் சிரித்துக்கொண்டிருந்தது. செண்பகராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சல்லடை போட்டுச் சலித்தார். தேதியைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், ஓட்டை உண்டா என்று பையை அமுக்கிப் பார்த்தார். பிறகு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கத் தொடங்கினார். ‘கோழி’ என்று வந்தால் அந்த மூட்டையை அப்படியே கீழே வைத்தார். ‘மீன்’ என்று வந்தால் விரலையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரே ஒரு மூட்டை தேறியது. அதன் மூலையில் பச்சைப் புள்ளி இருந்தது.

“இது சுத்த சைவமா?”

“ஆமா அண்ணாச்சி. ஆனா உங்க நாய்க்கு...”

“போதும், கட்டு” என்றார் செண்பகராமன்.

சுக்கு மரியாதை தெரிந்தவள். அவர் வைத்த தட்டில் நாலு உருண்டையைக் கடித்தாள், அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். போனவள் சுவரேறிக் குதித்து மீன்காரி பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். அங்கே அயிரையோ சாளையோ கிடைத்ததை முடித்துக்கொண்டு, மீசையை நக்கியபடி திரும்பி வந்தாள். செண்பகராமன் அவளைக் குளிப்பாட்டி, நெற்றியில் விபூதி பூசி, சிவசிவா என்றார். அடுத்த நாளும் அதே கூத்துதான். நாயின் நெற்றியில் விபூதி அழியவே இல்லை.

அவர் பேச்சியம்மாளிடம் சண்டைக்கே போனார்.

“எங்க நாய்க்கு எதுக்கு மீனைக் குடுக்க?”

“நானா குடுக்கேன்? அவ கேக்கா” என்றாள் பேச்சியம்மாள், கூடையைத் தூக்கியபடி.

அவர் திரும்பி வந்து தட்டில் மறுபடி அந்தப் பச்சைப் புள்ளித் தீனியையே போட்டார்.

அரிப்பு நிற்கவில்லை. முடியும் முளைக்கவில்லை. சாரல் வலுத்தது. செண்பகராமன் குருவிடம் போனார். உமையாள் அம்மை பின்கட்டில் பௌர்ணமி அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“தாயி, நாய்க்கு எது நல்ல தீனி?”

“நீங்க எதை வாங்குனிய?”

“இருக்கதுலயே சுத்தமானது.”

“மத்ததெல்லாம் கெட்டுப் போனதா?”

“இல்ல.”

“தேதி தாண்டுனதா?”

“இல்ல தாயி. அதுல கோழி இருந்துச்சு.”

குரு ‘ஓகோ’ என்றார். பூசணிக்காயைத் திருப்பி வைத்து நறுக்கினார். செண்பகராமன் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பந்தி உட்கார்ந்தது. பந்தி விசாரிப்பது எப்போதும் செண்பகராமன்தான். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எந்த இலைக்குக் குழம்பு வேண்டும், யார் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அன்று அவர் சோற்று வாளியைத் தூக்கப் போகையில் குரு தடுத்தார். கையில் ஒரு பெரிய தூக்குச்சட்டியைக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, இன்னைக்கு இதை மட்டும் போடுங்க. எல்லா இலைக்கும்.”

“என்னது தாயி?”

“பால் பாயசம். இன்னைக்குச் சமைச்சதுல இதுதான் ஒசத்தி.”

குரு சொன்னால் சொன்னதுதான். செண்பகராமன் கரண்டியோடு கிளம்பினார்.

முதல் இலையில் வயல்வேலைக்காரர் ஒருவர். பாயசத்தைப் பார்த்தார், வாளி வருகிறதா என்று பின்னால் எட்டிப் பார்த்தார். “சோறு வருமா சாமி? பசி உயிர் போகுது” என்றார்.

அடுத்த இலைக்காரி இரண்டு கையாலும் இலையை மறைத்தாள். “எனக்குச் சக்கரை இருக்கு சாமி, சாப்பிட்டா மயக்கம் வரும்.”

அதற்கடுத்து ஒரு கைக்குழந்தை. அதன் அம்மா, “பால் சேராது, ரசம் இருந்தா கரைச்சு ஊட்டுவேன்” என்றாள்.

செண்பகராமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பந்தி முழுக்க முகங்கள் அவரை நிமிர்ந்து பார்க்க, கையில் பாயசத்தோடு நிற்பது போன்ற அவமானம் அவர் வாழ்நாளில் பட்டதில்லை. பாதியில் திரும்பி ஓடி வந்தார்.

“தாயி, அவங்களுக்கு இது ஆகாது. வேற வேணும்.”

“ஏன், பாயசம் நல்லா இல்லையா?”

“அமிர்தம் மாதிரி இருக்கு.”

“பாலு சுத்தமில்லையா?”

“நானே பாத்து வாங்குனது தாயி! பாயசத்துல ஒரு குத்தமும் இல்ல. இலைக்கு முன்னால யாரு இருக்காங்கன்னு பாக்காம...”

அவர் கண் பந்தியின் கடைசிக்குப் போனது. அங்கே சுக்கு உட்கார்ந்து பின்காலால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

“சோத்து வாளி அங்க இருக்கு” என்றார் குரு. “முதல்ல பந்தியைக் கவனிங்க.”

பந்தி முடிந்ததும் செண்பகராமன் சுக்குவைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டார். முதல் தடவையாகத் தரம் பார்க்கிற கண்ணை மூட்டையிலிருந்து எடுத்து நாயின் மேல் வைத்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். தோலை விலக்கிப் பார்த்தார். பேச்சியம்மாள் வீட்டிலிருந்து வரும்போது மட்டும் அவள் வால் எப்படி ஆடுகிறது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடைக்காரரிடம் இந்த முறை அவர் எது நல்லது என்று கேட்கவில்லை.

“நாட்டு நாய். நடுவயசு தாண்டிருச்சு. இளைச்சுட்டா. தோல்ல அரிப்பு. கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது. மீனுன்னா உயிரை விடுவா.”

கடைக்காரருக்கு முகம் மலர்ந்தது. “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?” என்று இரண்டே இரண்டு மூட்டைகளை எடுத்து வைத்தார். செண்பகராமன் பொடி எழுத்தைப் படித்தார். மீனும் கோழியும் முதல் வரியிலேயே இருந்தன. சின்ன மூட்டையைத் தேர்ந்தெடுத்தார். உருண்டையும் சிறியது, ஆடுகிற பல்லுக்குத் தோது. “எடுத்த எடுப்புல மாத்தாதீங்க அண்ணாச்சி, பழசோட கலந்து கலந்து கூட்டுங்க” என்று கடைக்காரர் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

எல்லாம் சரி. ஆசிரம வாசல் வந்ததும் கால் எழும்பவில்லை.

உள்ளே விளக்கு எரிந்தது. தேவாரம் கேட்டது. கையிலோ கோழியும் மீனும். செண்பகராமன் வாசலுக்கு வெளியே, சாலையோரப் புளியமரத்தடியில் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். சுக்கு ஓடி வந்தாள். தட்டில் போட்டதை நிமிரவே நிமிராமல் தின்று முடித்து, தட்டை அவர் கால் வரைக்கும் நக்கித் தள்ளினாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். மூட்டை பேச்சியம்மாள் வீட்டில் இருந்தது. காலையிலும் மாலையிலும், மழையானாலும் காற்றானாலும், ஒரு பெரியவர் குடை பிடித்துச் சாலையோரத்தில் குந்தியிருப்பார், பக்கத்தில் ஒரு நாய் மொறுமொறுவென்று தின்னும். பேருந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. சுக்குவின் அரிப்பு குறைந்தது. விலா மறைந்தது. முதுகில் புதுமுடி பொசுபொசுவென்று வந்தது.

சாரல் முடிந்தது. கோமதிநாயகம் வண்டியோடு வந்தார். புளியமரத்தடியில் நின்ற நாயைப் பார்த்துவிட்டு, “சுக்கு எங்க?” என்று கேட்டார்.

“இவதான்” என்றார் செண்பகராமன். மில்லில் முதல் தர முத்திரை குத்தியபோதுகூட அந்தக் குரல் வந்ததில்லை.

கோமதிநாயகம் அவளைத் தடவிப் பார்த்து அதிசயித்தார். என்ன தீனி என்று கேட்டார். தெரிந்துகொண்டதும் யோசனையில் ஆழ்ந்தார். அதற்குள் குருவும் வாசலுக்கு வந்துவிட்டார்.

“தாயி, தேறிட்டா, ரொம்ப சந்தோசம். ஆனா கோழி தின்னுத நாய்க்குச் சைவ மடத்துல என்ன சோலி? இவரும் எத்தனை நாளைக்குத்தான் குடையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல உக்காருவாரு? தோப்புன்னா அது பாட்டுக்குத் தின்னுட்டுக் கெடக்கும். வண்டியில ஏத்தட்டா?”

செண்பகராமன் சுக்குவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுக்குவைக் கொடுக்க மனமில்லை, பேச்சில் குற்றம் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

“அவரு சொல்லுதது நியாயந்தான், தாயி” என்றார் தலை குனிந்தபடி. “சைவ வாசலுக்குள்ள அவ எப்படி...”

“அண்ணாச்சி, நீங்க யார்கிட்ட தீட்சை வாங்குனிய?”

“உங்ககிட்டதான் தாயி.”

“அன்னைக்குச் சைவம் தவற மாட்டேன்னு எனக்குச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

“சுக்கு என்ன சொன்னா?”

கோமதிநாயகம் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிக் கதவைச் சாத்தினார். சுக்கு உள்ளே ஓடினாள். செண்பகராமன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூட்டையை எடுத்து வரப் பேச்சியம்மாள் வீட்டுக்கு நடந்தார்.