செல்லாத முகம்

வெண்ணிமலை நாட்டில் அந்தக் காலத்திலேயே காகிதப் பணம் புழங்கியது. ஒவ்வொரு தாளிலும் மன்னர் கனகவர்மனின் முகம் இருக்கும். வழுக்கைத் தலை, தொங்கிய கன்னம், மூக்கின்மேல் மிளகு ஒட்டியதுபோல ஒரு மரு. பழைய ஓவியர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

வயது ஏற ஏற மன்னருக்கு அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. பொக்கிஷதார் வாஞ்சியப்பர் இதை மோப்பம் பிடித்துவிட்டார். புது ஓவியரை வைத்துப் புதுத் தாள் அடித்தார். அதில் மன்னருக்குச் சுருள்முடி முளைத்தது, மரு உதிர்ந்தது, வயது பாதியானது. பழைய தாள் இனிச் செல்லாது என்று மன்னர் ஆணையாகப் பறையடித்தார்கள். மாற்ற வருபவர், அந்தத் தாளைத் தனக்குக் கொடுத்தவரை நேரில் சாட்சியாக அழைத்துவர வேண்டும். சாட்சி வராத தாள் கஜானாவுக்குப் போகும். அதில் பத்தில் ஒரு பங்கு வாஞ்சியப்பருக்கு என்பதை மட்டும் பறையில் சொல்லவில்லை.

அரசவை விகடகவி கூத்தபிரான் தெருவில் போகும்போது, மருத்துவச்சி ஆவுடை தாள் மாற்றும் சாவடியின் படியில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதிப் பேரை உலகத்துக்கு இழுத்துப் போட்டவள் அவள். முகம் வாடிக் கிடந்தது.

"என்ன ஆவுடையம்மா, மாற்றியாச்சா?"

"எங்க மாத்துறது சாமி. பிரசவம் பாத்த வீட்டுல கொடுத்த காசு. கொடுத்தவரு போன ஐப்பசியில செத்துட்டாரு. அவரைக் கூட்டிட்டு வான்னு சொல்றாங்க. நான் குழந்தையைத்தான் கூட்டிட்டு வருவேன், போனவங்களைக் கூட்டியாற எனக்குத் தெரியாதே."

கூத்தபிரானுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த கணமே நின்றும் போனது. அந்தப் பணம் போனால் கிழவிக்குக் கடைசிக் காலத்தில் கஞ்சி கிடையாது. "நாளைக்கும் வந்து வரிசையில நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நேரே அரண்மனைக்குப் போனார்.

"மன்னா, ஒரு உதவி. தீபாவளிக்கு நீங்கள் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. மாற்ற வேண்டும். கொடுத்தவர் நேரில் வர வேண்டுமாம்."

"நானா? வரிசையிலா?"

"ஆணையில் 'மன்னர் நீங்கலாக' என்று இல்லை. வேண்டுமானால் ஒரு வரி சேர்த்துவிடலாம். மன்னர் தம் ஆணைக்குத் தாமே பயந்தார் என்று நாலு பேர் பேசுவார்கள், அவ்வளவுதான்."

மன்னர் மீசையைத் தடவினார். "வருகிறேன்."

"கிரீடம் வேண்டாம் மன்னா. பார்த்தால் வரிசை கலைந்துவிடும். வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமலே போய்விடும்."

மறுநாள் சாதாரண வேட்டி துண்டுடன் கனகவர்மன் கூத்தபிரானோடு வரிசையில் நின்றார். வெயில் அவருடைய வழுக்கையைத் தேடி வந்து அடித்தது. வரிசை நத்தைபோல ஊர்ந்தது. பின்னால் ஆவுடை நின்றாள். ஒருவழியாகச் சாளரத்தருகே போனார்கள். உள்ளே வெளியூரிலிருந்து வந்த புதுக் கணக்கர். மன்னரைக் கண்ணால் கண்டதில்லை.

"சாட்சி யார்?"

"நான்தான்" என்றார் மன்னர்.

"பெயர்?"

"கனகவர்மன்."

"தொழில்?"

மன்னர் கொஞ்சம் யோசித்தார். அதுவரை யாரும் அவரைக் கேட்காத கேள்வி. "நாட்டை ஆளுவது."

கணக்கர் நிமிர்ந்து பார்த்தார். "அதற்கு அத்தாட்சி?"

மன்னர் கூத்தபிரானின் பழைய தாளைப் பிடுங்கி நீட்டினார். "பார். இது என் முகம்தானே?"

கணக்கர் தாளையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "அச்சு அசல். ஆனால் ஐயா, செல்லாத தாளை அத்தாட்சியாக ஏற்க எனக்கு உத்தரவில்லை." புதுத் தாளை எடுத்து மன்னரின் கன்னத்தருகே வைத்துப் பார்த்தார். "செல்லுகிற தாளில் இருப்பவருக்கு முடி இருக்கிறது. உமக்கு மருதான் இருக்கிறது. உம்மை மன்னர் என்று ஏற்றால் என் வேலை போய்விடும்."

மன்னருக்கு முகம் சிவந்தது. "கூத்தபிரான், நீ சொல், நான் யார் என்று."

"சொல்லலாம் மன்னா. ஆனால் நான் யார் என்பதற்கு நீங்கள் சாட்சி. நீங்கள் யார் என்பதற்கு நான் சாட்சி. யார் யாரென்று தெரியாமல் இருவரும் நிற்கிறோம்."

பின்னாலிருந்து ஆவுடை எட்டிப் பார்த்தாள். "இவரு ராசாதான்" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் கணக்கர்.

"எத்தனை வருஷமா இந்த மூஞ்சிய மடியில முடிஞ்சு வச்சிருக்கேன். ராவுல தடவிப் பாத்துட்டுத்தான் தூங்குவேன். மருவுகூட அப்படியே இருக்கு. எனக்கா அடையாளம் தெரியாது?" அவிழ்த்த முடிச்சைக் கையில் வைத்திருந்தாள். "இதைத்தான் செல்லாதுங்கறாங்க."

மன்னர் அந்தக் கசங்கிய தாள்களையே பார்த்தார். ஒவ்வொன்றிலும் அவர் மரு. நாட்டில் அவரை அவராகவே வைத்திருந்தது அந்த முடிச்சு ஒன்றுதான். அவள் கதை முழுவதையும் கேட்டறிந்தார். செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டதைக் கேட்டதும் தலை குனிந்தார்.

மாலையில் பறை மாறியது. பழைய தாளும் செல்லும், புதுத் தாளும் செல்லும். மாற்ற விரும்பினால் ஒன்றுக்கு ஒன்று, சாட்சி வேண்டாம். சாளரத்தில் உட்கார்ந்து மாற்றிக் கொடுப்பவர் வாஞ்சியப்பர், பங்கு இல்லாமல். வேலை போயிற்று என்றே கணக்கர் வந்து நின்றார். மன்னர் அவரைப் பொக்கிஷத்தில் உயர்த்தினார். "நான் போட்ட ஆணையை இந்த நாட்டில் படித்தவர் இவர் ஒருவர்தான்" என்றார்.

பிறகு கூத்தபிரான் பக்கம் திரும்பினார். "என்னை வெயிலில் காய வைத்ததற்குப் பரிசு தர வேண்டுமே. பழைய தாளாகவா, புதுத் தாளாகவா?"

கூத்தபிரான் கை கூப்பினார். "அரிசி மூட்டையாகக் கொடுத்துவிடுங்கள் மன்னா. அதற்கு முகம் கிடையாது."

கனகவர்மன் மரு குலுங்கச் சிரித்தார்.